காருக்கு ரெக்கை வைத்த சனிக்கிழமை

ஈக்காட்டுத்தாங்கல் ஃபைபர் பட்டறை வாசலில் மொபெட்டை உதைத்துக் கிளப்பிக்கொண்டே, "இன்னிக்கு ஒரு நாளைக்கு ரெண்டு பக்கமும் கால் போட்டுக் குந்து" என்றார் என் வீட்டுக்காரர். புடவையோடு நான் அப்படி உட்கார்ந்ததே இல்லை. ஏறி உட்கார்ந்ததும், பழைய போர்வையில் சுற்றிய நீளமான சாமான் ஒன்றை எங்கள் இருவருக்கும் நடுவே, என் மடிமேல் குறுக்காக வைத்தார். இரண்டு முனையும் வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"கெட்டியா புட்ச்சிக்கோ. காத்து வாங்கிச்சுன்னா உன்னியும் சேத்துத் தூக்கிக்கினு பூடும்."

அவருக்கு அது தமாஷ். எனக்கு சைதாப்பேட்டை தாண்டும்வரை அதை இழுத்துப் பிடிப்பதே வேலை. பஸ் உரசிக்கொண்டு வந்தால் இந்த முனையை உள்ளே இழுப்பேன். இழுத்தால் அந்த முனை வெளியே போய் யார் தோளிலாவது இடிக்கப் பார்க்கும். சிக்னலில் பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் போர்வையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னாக்கா, ஏரோப்ளேனை பார்ட் பார்ட்டா கயட்டி இட்டாந்துக்கினு கீறியா?"

அவர் சொன்னது ஏறக்குறைய சரிதான். போர்வைக்குள் இருந்தது காரின் டிக்கிமேல் வைக்கிற ரெக்கை. கடைகளில் ஸ்பாய்லர் என்பார்கள், என் வீட்டுக்காரர் விங் என்பார். இரண்டு குட்டைக் கால், அதன்மேல் குறுக்கே ஒரு பலகை, எல்லாம் ஃபைபரில் வார்த்துக் காரின் கலரிலேயே பெயிண்ட் அடித்தது. ஒவ்வொரு காலின் அடியிலும் இரண்டு போல்ட் நீட்டிக்கொண்டிருக்கும். டிக்கியில் ஓட்டை போட்டு அந்த போல்ட்டுகளை இறக்கி, உள்பக்கமிருந்து நட் போட்டு முடுக்க வேண்டும். தொண்ணூறுகளின் கடைசியில், வெளிநாட்டுக் கார்கள் வரிசையாக மெட்ராசுக்கு வந்து இறங்கிய சமயத்தில், வசதியான வீட்டுப் பையன்களுக்கு இதன்மேல் ஒரு பைத்தியம் பிடித்தது. எங்களுக்கும் அதற்கும் சம்பந்தம் வந்தது ஒரு சண்டையால்.

என் வீட்டுக்காரர் தி.நகரில் ஒரு கார் சாமான் கடையில் வேலை செய்தார். சீட் கவர் போடுவது, கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவது, ஸ்டீரியோ மாட்டுவது. எங்கள் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அங்கேதான். ஒரு நாள் மயிலாப்பூரிலிருந்து ஒரு பையன் திராட்சை ரசக் கலரில் ஒரு காரை ஓட்டிக்கொண்டு வந்து, ரெக்கை வைக்க முடியுமா என்று கேட்டான். புதிதாக வந்த கார், அதிலும் வேகமாகப் போகிற மாடல். முதலாளி கையை விரித்துவிட்டார்.

"புது வண்டில ஓட்டை போடற வேலையெல்லாம் நமக்கு வேணாம் தம்பி. நாளைக்குத் துரு புடிச்சா என் கடை வாசல்லதான் வந்து நிப்பீங்க."

பையன் முகம் வாடிப்போய்க் காரில் ஏறினான். என் வீட்டுக்காரர் பின்னாலேயே போய், "சார், நான் உங்க வூட்டாண்ட வந்து போட்டுத் தரேன்" என்று சொல்லியிருக்கிறார். பையனுக்கும் அது வசதியாகப் போயிற்று. அவனுடைய அப்பா புதுக் காரை எந்தப் பட்டறையிலும் விட்டுவிட்டு வரச் சம்மதிக்கமாட்டாராம். ஆனால் இது முதலாளியின் காதில் விழுந்துவிட்டது.

"என் கடைல நின்னுக்கினு என் கஸ்டமரையே இட்டுக்கினு போறியா?"

"நீதான் வேணாம்னுட்டியே மொதலாளி."

அதற்கு அவர் ஒன்று சொல்ல, இவர் ஒன்று சொல்ல, நடுப்பகலிலேயே கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டில் எங்கள் வீடு. நான் வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து ஜாக்கெட்டுக்கு ஹூக் வைத்துக்கொண்டிருந்தேன். தி.நகர் டெய்லர் கடைகளிலிருந்து ஜாக்கெட் வாங்கிவந்து ஹூக் தைத்துக் கொடுப்பது என் வேலை. அந்த நேரத்தில் அவரைப் பார்த்ததும் யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். விஷயத்தைச் சொன்னார். அதற்கு இது தேவலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அடுத்த நிமிஷமே தோன்றவில்லை.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்திலிருந்து என்னை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் எது எப்போது கெட்டுப்போகும் என்பதைத்தான். அடுப்பை அணைத்தோமா, பால் திரிந்துவிடுமா, அவர் வர நேரமானால் எந்த ஆஸ்பத்திரியில் போய்த் தேடுவது. அவருக்கு நிரந்தரமாக ஒரு வேலை இருந்ததால் மாதச் செலவுக் கவலை மட்டும் என்னிடம் இல்லாமல் இருந்தது. இப்போது அதுவும் வந்து சேர்ந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்துக் கடையில் அவரோடு வேலை செய்கிறவர் ஒருவர் வந்தார்.

"மொதலாளிக்குக் கோவம் ஆறிடுச்சுப்பா. திங்கக்கெயமை கடை தொறக்கசொல்ல வந்து நின்னேன்னா பழையபடி வேலை. வரலைன்னா வேற ஆள் ரெடியா கீறான். யோசிச்சுக்கோ."

இவர் "பாக்கலாம், பாக்கலாம்" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். பிறகு என்னிடம் சொன்னார்: "சனிக்கெயமை அந்தப் பையன் வண்டிக்கு விங் வெக்கறேன். நல்லா வந்துச்சுன்னா அவன் தோஸ்துங்க எல்லாம் வருவாங்க. பெசன்ட் நகர் பீச்சாண்ட சாயங்காலம் பாரு, எத்தினி வண்டி நிக்குது. சொந்தமா பண்ணிக்கினு போயிடலாம். நல்லா வரலைன்னா திங்கக்கெயமை போய் மொதலாளி முன்னால தலையைச் சொறிஞ்சுக்கினு நின்னுக்கறேன். இவ்ளோதான்."

இவ்வளவுதானாம். வெள்ளிக்கிழமை கோயிலில் நின்று, வேலை நல்லபடியாக முடிய வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அதே மூச்சில், இவர் திங்கட்கிழமை கடைக்குப் போய்விட வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டேன். எதைக் கொடுப்பது என்று சாமிக்கே குழப்பமாக இருந்திருக்கும்.

ரெக்கையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்பதால்தான் என்னைக் கூட்டிப்போனார். இன்னொரு ஆளை அழைத்து அது கடைக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று பார்த்தார்.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் அந்த வீடு. போர்ட்டிகோவில் கார் நின்றது. அவ்வளவு பளபளப்பை நான் பாத்திரக் கடையில்கூடப் பார்த்ததில்லை. குனிந்தால் முகம் தெரிந்தது. அந்த முகத்தில் இருந்த பயமும் தெரிந்தது. பையன் எங்களுக்காகவே காத்திருந்தவன் மாதிரி ஓடிவந்து, ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையிலிருந்து கிழித்த படத்தைக் காட்டினான். அதில் இதே மாதிரி ஒரு கார், டிக்கியின் கடைசி ஓரத்தில் ரெக்கையோடு நின்றது.

"இதே மாதிரி வந்துடணும்ண்ணா. கரெக்டா ஓரத்துல."

அவனுடைய அப்பா பேப்பரை மடித்துக்கொண்டு வெளியே வந்தார். "ரெக்கை வெச்சுண்டு எங்கேடா பறக்கப் போறே? லஸ் கார்னர் தாண்டவே உனக்கு அரை மணி ஆறது."

"அப்பா, பேசாம இருங்களேன்."

என் வீட்டுக்காரர் யார் பேச்சையும் காதில் வாங்கவில்லை. காரைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். சட்டைப் பையிலிருந்து பற்பசை டியூபை எடுத்தார். பையன் முழித்தான். கறுஞ்சிவப்பு பெயிண்டில் பென்சில் போட்டால் தெரியாது. ஆணியால் கீறினால் பெயிண்ட் போய்விடும். அதனால் நாலு போல்ட் நுனியிலும் பற்பசையைத் துளித் துளியாகத் தொட்டு வைத்தார். நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் ரெக்கையைப் பிடித்து, டேப்பால் இரண்டு ஓரத்தையும் அளந்து பார்த்து, மெல்ல டிக்கிமேல் இறக்கித் தூக்கினோம். நாலு வெள்ளைப் புள்ளி அச்சாக விழுந்திருந்தது. அந்தப் புள்ளியில் ஓட்டை போட்டால் போல்ட் தானாக இறங்கும்.

அவர் டிரில்லிங் மெஷினின் ஒயரை நீட்டும்போதுதான் உள்ளேயிருந்து மாமி வந்தார். பையனின் அம்மா. தலையில் ஈரத் துண்டு.

"இப்பவே ஆரம்பிக்கப் போறேளா? சித்த இருங்கோ. சனிக்கிழமை ஒம்பதுலேர்ந்து பத்தரை ராகுகாலம். புது வண்டிய இப்போ போய்த் துளைக்கறதாவது."

"அம்மா, அண்ணாவுக்கு டைம் ஆறதும்மா."

"ஆகட்டுமே. இட்லி ஆயிண்டிருக்கு. சாப்ட்டுட்டு நிதானமா ஆரம்பிக்கட்டும்."

மாமியை எனக்கு அந்த நிமிஷமே பிடித்துவிட்டது. என்னைப்போலவே ஒருத்தி. ராகுகாலத்தில் ஆணி அடிக்கக்கூட நான் விடமாட்டேன். இவர் முணுமுணுத்துக்கொண்டே ஒயரைச் சுருட்டினார். பின்பக்கம் கிணற்றடிப் படியில் உட்கார வைத்து இட்லியும் மிளகாய்ப் பொடியும் கொடுத்தார் மாமி. காபியும் வந்தது. பையன் குளிக்கப் போனான். எனக்கு இட்லி இறங்கவே இல்லை. டிரில் மெஷினில் ஷாக் அடித்தால் என்ன செய்வது, இந்த வீட்டில் மெயின் எங்கே இருக்கிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளலாமா என்று ஓடிக்கொண்டிருந்தது.

"துன்னு. மூஞ்சப் பாத்தா எதிராளிக்கே பயம் வந்துடும் போல கீது" என்றார் இவர்.

நாங்கள் திரும்பி வந்தபோது காருக்குப் பூஜை ஆகியிருந்தது. முன்பக்கம் பூச்சரம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். டிக்கிமேல் நாலு சந்தனப் பொட்டு, ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமம். அவ்வளவு வட்டமாகவும் அழகாகவும் இருந்தது.

"ஓட்டை போடற எடத்துலயே பொட்டு வெச்சிருக்கேன். அங்கதானே வேலை ஆரம்பிக்கறது?" என்றார் மாமி சந்தோஷமாக.

என் வீட்டுக்காரரும் சந்தோஷமாகத் தலையாட்டினார். புள்ளிக்குமேல் பொட்டு. நல்லதுதானே. ஆனால் எனக்கு ஏதோ உறுத்தியது. ரெக்கையை இறக்கியபோது என் கட்டை விரல் டிக்கியின் ஓரத்து மடிப்பில் பட்டது நினைவிருந்தது. பொட்டு அந்த மடிப்பிலிருந்து தள்ளி இருப்பதுபோலத் தெரிந்தது.

"ஏன்யா, கொஞ்சம் மேல கீற மாதிரி இல்ல?"

"உனக்குக் காலைலேர்ந்து எல்லாமே மேலயும் கீயயும்தான் தெரியுது. ஒயர்ல கால் வெக்காத, அந்தாண்ட போ."

நியாயம்தான். ஒயர் பிய்ந்திருக்கிறது, பல்லி கத்துகிறது, பிளக் ஆடுகிறது என்று அதுவரை நான் சொன்னவற்றில் ஒன்றும் உண்மையாகவில்லை. வாயை மூடிக்கொண்டேன். சின்ன பிட் போட்டு, பிறகு பெரிய பிட் போட்டு, இடது பக்கத்தின் முதல் பொட்டில் ஓட்டை போட்டார். சந்தனமும் தகட்டுச் சுருளும் கலந்து பறந்தன. எப்போதும் ஓர் ஓட்டை போட்டுப் பொருத்திப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போவார். அதுதான் அவர் பழக்கம். ரெக்கையைத் தூக்கி, அந்த ஒரு போல்ட்டை ஓட்டையில் இறக்கினோம்.

ரெக்கை ஓரத்தில் உட்காரவில்லை. இரண்டு விரல் அளவு பின்கண்ணாடிப் பக்கமாகத் தள்ளி உட்கார்ந்தது.

அவர் மீதிப் பொட்டு ஒன்றை விரலால் வழித்துப் பார்த்தார். அடியில் பற்பசை இல்லை. வெறும் பெயிண்ட், பளபளவென்று.

"மாமி, இங்க வெள்ளையா புள்ளி வெச்சிருந்தேனே?"

"ஆமா, ஏதோ பூசியிருந்தது. பூஜைக்கு முன்னாடி ஈரத்துணியால தொடைச்சுட்டேன். தொடைச்ச எடத்துலயேதான் பொட்டு வெச்சேன்." அவருக்கே ஏதோ புரிந்து குரல் இறங்கியது. "அவ்வளவு ஓரத்துல வெச்சா, டிக்கிய மூடறச்சே கை பட்டு அழிஞ்சுடுமேன்னு... கொஞ்சூண்டு மேலே வெச்சேன்."

"அம்மா!" என்று பையன் கத்தினான். அவ்வளவுதான் அவனால் முடிந்தது.

"ஆச்சு" என்றார் அவனுடைய அப்பா. "குழந்தைக்குக் காது குத்தியாச்சு. ஒரு காது."

என் வீட்டுக்காரர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குத் தைரியமாக இருந்திருக்கும். அவர் டிரில் மெஷினின் பிட்டைக் கழற்றி, துணியால் துடைத்து, பெட்டியில் வைத்தார். ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தார். "எம்மேலதான் தப்பு சார். அளந்து பாத்திருக்கணும். வேற டிக்கி மூடிக்கு நான் ஏற்பாடு பண்றேன்" என்றார். அந்தக் குரலில் அவர் ஏற்கெனவே திங்கட்கிழமை காலையில் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் வேண்டிக்கொண்டதில் பாதி நடக்கப்போகிறது. ஆனால் அவர் ஒயர் சுருட்டுவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

ஜாக்கெட்டுக்கு ஹூக் வைக்கும்போது முதல் ஹூக் இடம் தப்பிவிட்டால் பிரிக்கமாட்டோம். பிரித்தால் பட்டுத்துணியில் ஊசித் தடம் நின்றுவிடும். மீதி ஹூக்கையெல்லாம் அதற்குத் தகுந்த மாதிரி நகர்த்திக்கொண்டு போவோம். எல்லாமே ஒரே அளவு தள்ளிப்போனால் போட்டுக்கொள்கிறவளுக்குத் தெரியவே தெரியாது.

"மீதி மூணு ஓட்டை இன்னும் போடலை இல்ல?" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நவுரலியே, மேலதானே நவுந்துச்சு? ரெக்கையையே அங்க வெச்சா இன்னா? மொத ஹூக்கு தப்பிட்ச்சுன்னா மீதி ஹூக்க தள்ளி வெக்கற மாதிரி."

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. கார்க்காரர்கள் முன்னால் ஜாக்கெட் கதை பேசுகிறேன். என் வீட்டுக்காரர் டேப்பை எடுத்து, ஓட்டையிலிருந்து இரண்டு ஓரத்தையும் அளந்தார். மாமி கண்ணால் பார்த்து வைத்த பொட்டு, பக்கவாட்டில் இம்மியும் தப்பவில்லை.

"சார், வெக்கலாம். ஸ்ட்ராங்கா இருக்கும். ஆனா படத்துல கீற மாதிரி ஓரத்துல வராது. நீங்க சொன்னாத்தான்."

பையன் படத்தைப் பார்த்தான், டிக்கியைப் பார்த்தான். "படத்துல ஓரத்துலதானே இருக்கு..."

"படத்துல இருக்கற காருக்கு எந்த அம்மாடா பொட்டு வெச்சா?" என்றார் மாமி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வரக்கூடாது என்று பார்த்தான், முடியவில்லை. "சரிண்ணா, அப்படியே வெச்சுப் பிடிச்சுக்கோங்கோ. தூரத்துலேர்ந்து பாக்கறேன்" என்று சொல்லி கேட்டைத் திறந்து சந்துக்குப் போனான். எதிர் வீட்டுச் சுவரோடு ஒட்டி நின்று பார்த்தான். இடது பக்கம் போய்ப் பார்த்தான். உட்கார்ந்து பார்த்தான். அவன் போகிற பக்கமெல்லாம் நான் திரும்பித் திரும்பிப் பார்க்க, நான் பிடித்திருந்த ரெக்கையும் சேர்ந்து ஆடியது.

"ஆட்டாதமே" என்று பல்லைக் கடித்தார் இவர்.

பையன் திரும்பி வந்தான். "போடுங்கோ" என்றான். முழு மனதாக இல்லை. ஆனால் சொல்லிவிட்டான்.

மறுபடியும் பற்பசை. மறுபடியும் அளந்தார், இந்தத் தடவை மூன்று முறை. மீதி மூன்று ஓட்டைகளையும் போட்டு, துரு பிடிக்காமல் இருக்கத் தீக்குச்சியில் பெயிண்ட் தொட்டு ஓட்டை விளிம்பெல்லாம் தடவி, ரப்பர் வாஷர் வைத்து ரெக்கையை இறக்கினார். நாலு போல்ட்டும் உள்ளே போயின. எனக்கு மூச்சு வந்தது. ஆனால் டிக்கியைத் திறந்து உள்ளே பார்த்த அவர் உதட்டைக் கடித்தார்.

டிக்கி மூடி என்பது ஒற்றைத் தகடு இல்லை. மேலே ஒரு தகடு. அடியில் ஒரு சட்டம். சட்டத்தில் ஆங்காங்கே பொந்து. ஓரத்தில் வைத்திருந்தால் நாலு போல்ட்டும் நேராகப் பொந்துக்கு எதிரே வந்திருக்கும். இப்போது முன்பக்கத்து இரண்டும் சட்டத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டன. பொந்து வழியாகக் கையை விட்டு, வளைத்து, கண்ணால் பார்க்காமலே நட்டைப் போட வேண்டும். அவருடைய கை மணிக்கட்டோடு நின்றுவிட்டது. பையன் முயன்று பார்த்தான். அவனுக்கு உள்ளே போயிற்று, வளையவில்லை.

எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள்.

"ஐயோ, நான் மாட்டேன். உள்ள மாட்டிக்கினா?"

"மாட்டிக்கினா வண்டியோட சேத்து ஊட்டுக்கு இட்டுக்கினு போறேன், வா" என்றார் இவர்.

வளையலைக் கழற்றி மாமியிடம் கொடுத்தேன். தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து மாமியே என் கையில் தடவிவிட்டார். நட்டை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு பொந்துக்குள் கையை விட்டேன். தகட்டு விளிம்பு சுரண்டியது. இருட்டில் விரல் தடவிக்கொண்டே போனது, ஒன்றும் தட்டுப்படவில்லை. அப்புறம் போல்ட் நுனி நகத்தில் இடித்தது. ஹூக் வைக்கும்போதுகூட நான் துணியைப் பார்ப்பதில்லை, வாசலில் போகிறவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். விரலுக்குத் தெரியும். நட்டை வைத்தேன், வழுக்கியது. மறுபடி வைத்தேன். சுற்றினேன். பிடித்துக்கொண்டது.

"ஏறுது" என்றேன்.

"எத்தினி சுத்து?"

"எனக்கு இன்னாய்யா தெரியும்? ஏறுதுன்னா ஏறுது."

அவர் பொந்து வழியாக ஸ்பேனரை நீட்டிக் கொடுக்க, நான் நட்டைக் கவ்விப் பிடித்துக்கொண்டேன். வெளியிலிருந்து அவர் ரெக்கையின் காலை அழுத்திப் பிடித்தார். "இப்போ திருப்பு... நிறுத்து... இன்னும் கொஞ்சம்..." என்று சொல்லிக்கொண்டே வந்தார். கடைசித் திருப்பில் ரப்பர் நசுங்குவது என் விரலுக்குத் தெரிந்தது. பிறகு அடுத்த பக்கம். கையை வெளியே எடுத்தபோது முழங்கைவரை கீறல், எண்ணெய், கறுப்பு. மாமி மஞ்சள் பொடி கொண்டுவந்தார். எனக்கு எரிச்சலே தெரியவில்லை. வளையலை வாங்கிக்கொள்ளக்கூட மறந்து நின்றேன்.

டிக்கியை முழுக்கத் திறந்து விட்டால் ரெக்கை பின்கண்ணாடியில் இடிக்குமோ என்று அடுத்த பயம் வந்தது. நானே மெல்லத் தூக்கிப் பார்த்தேன். இடிக்கவில்லை. கையை விட்டதும் டிக்கி கொஞ்சம் இறங்கி, யோசித்து, நின்றுவிட்டது. பையனுடைய அப்பா அருகில் வந்து ரெக்கையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். கார்தான் ஆடியது.

"அசையல" என்றார். பேப்பரைத் தேடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கிளம்பும்போது பையனிடம், "எப்படி சார் கீது?" என்று கேட்டார் இவர். "பசங்ககிட்ட காமிச்சுட்டுச் சொல்றேன்ண்ணா" என்றான் அவன். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நல்லதா கெட்டதா என்று சனிக்கிழமை முழுக்க நாங்கள் இரண்டு பேரும் ஆராய்ச்சி பண்ணினோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கடைக்குப் போட்டுக்கொண்டு போகிற சட்டையைத் தானே தோய்த்துக் கொடியில் போட்டார். நான் நிம்மதிப்பட்டிருக்க வேண்டும். அந்தச் சட்டையிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பார்க்கவே பிடிக்காமல் உள்ளே போய் ஹூக் தைத்தேன்.

சாயங்காலம் எங்கள் பிளாக் வாசலில் ஹார்ன் சத்தம். மாடியிலிருந்தெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். திராட்சை ரசக் கார் நின்றது, அதன் பின்னால் சில்வர் கலரில் இன்னொன்று. பையனும் அவனுடைய நண்பன் ஒருவனும் இறங்கினார்கள்.

"அண்ணா, இவனுக்கும் ஒண்ணு வேணுமாம்" என்றான் பையன்.

"அதே இடத்துல வெக்கணும்ண்ணா" என்றான் நண்பன். "எங்க ஃப்ரெண்டு இன்னொருத்தன் வேற கடைல குடுத்து ஓரத்துல வெச்சுக்கிட்டான். டிக்கியத் திறந்தா வெயிட் தாங்காம டபார்னு தலையில விழுது. இப்போ கம்பு முட்டுக் கொடுத்துத்தான் சாமான் எடுக்கறான். அவனும் உங்களைப் பாக்கணும்னான்."

"வருவான், வருவான். மொதல்ல தலை வீக்கம் குறையட்டும் மச்சி" என்றான் பையன்.

இவர் வாய்விட்டுச் சிரித்தார். சண்டை போட்டுவிட்டு வந்த பிறகு அன்றுதான் அந்தச் சிரிப்பைக் கேட்டேன். அவர்கள் போன பிறகு அவரும் சும்மா உட்கார்ந்துவிட்டார். ஒரு கார் நிச்சயம், இன்னொரு கார் வரலாம். அதற்கப்புறம்? எனக்கு எழுகிற கேள்விதான், அன்று அவர் முகத்தில் இருந்தது.

திங்கட்கிழமை காலை, தோய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டார். "நீ இன்னா சொல்ற?" என்று கேட்டார்.

நான் என்ன சொல்வேன்? இரண்டு பக்கமும் பயமாகத்தான் இருந்தது. "டெய்லர் கடைக்கு ஜாக்கெட் குடுக்கணும். நானும் வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டேன். பாலம் தாண்டி, நந்தனம் சிக்னலில் வந்து நின்றோம். நேராகப் போனால் தி.நகர், கடை. இடது பக்கம் திரும்பினால் சைதாப்பேட்டை, அதைத் தாண்டி ஈக்காட்டுத்தாங்கல் பட்டறை. அவர் வண்டியை நேராகப் போகிறவர்களோடு சேர்த்து நிறுத்தியிருந்தார். அவருடைய முதுகைப் பார்த்தேன். எனக்காகத்தான் அங்கே நிறுத்தியிருக்கிறார் என்று தெரிந்தது.

"லெப்ட்ல போ" என்றேன்.

பின்னால் ஒரு லாரி ஹார்ன் அடித்தது. அவருக்குக் கேட்கவில்லை. தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன்.

"லெப்ட்ல போய்யா!"

"ஜாக்கெட்டு?"

"சாயங்காலம் குடுத்துக்கறேன். பட்டறைக்குப் போய் அடுத்த ரெக்கைக்குச் சொல்லிட்டு வரலாம்."

திரும்பிப் பார்த்தார். "தெரிஞ்சுதான் சொல்றியா?"

"தெரியாமத்தான் சொல்றேன். பச்சை வுயுந்துடுச்சு, போ."

நேராகப் போகிறவர்களெல்லாம் திட்ட, வண்டியை ஒடித்து இடது பக்கம் திருப்பினார். எங்கள் ஏழு தலைமுறையையும் ஓர் ஆட்டோக்காரர் விசாரித்தார். கொஞ்ச தூரம் போனதும் அவர் காதருகில் குனிந்தேன்.

"ஏன்யா, சில்வர் கலர் மேட்ச் ஆவுமா?"

"ஆவும்."

"வெயில்ல வேற மாதிரி தெரிஞ்சுச்சுன்னா?"

"தெரியாதுமே."

"இந்த வண்டிலயும் என் கை உள்ள போவுமா? பொந்து சின்னதா இருந்துச்சுன்னா?"

சைதாப்பேட்டைவரை கேட்டுக்கொண்டே போனேன். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே ஓட்டினார்.